உலக்கை விழாத காலை

உலக்கை தானாக நிற்காது, நிறுத்தினால் நிற்கும். கிரகணம் இருந்தாலும் நிற்கும், இல்லாவிட்டாலும் நிற்கும். இதை நான் ஒன்பது வயதில் எங்கள் மாட்டுக்கொட்டகையில், சாணி அள்ளிய கையோடு கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தபோது சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. பயம்தான் வந்தது. அந்தப் பயத்தை யார் கையிலாவது கொடுத்துவிட வேண்டும் என்று சித்தியிடம் கொண்டுபோனேன். பிறகு நடந்ததெல்லாம் அதனால் நடந்தது.

எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து பதினொரு கிலோமீட்டர் உள்ளே. ஒரு நாளைக்கு நான்கு முறை பஸ் வந்து திரும்பும். எங்கள் வீடு ஊருக்குக் கடைசி, வாய்க்காலைத் தாண்டித் தனியாக இருந்தது. காவிரி பக்கத்தில் ஓடியது என்று சொல்லலாம். அந்த வருடங்களில் ‘ஓடியது’ என்பது கொஞ்சம் தாராளமான சொல். ஆனியில் வரவேண்டிய தண்ணீர் ஆவணியில் வந்தது. குறுவை போயிற்று. சம்பா மட்டும் நட்டோம். குத்தகை நிலத்தில் அப்பாவுக்கே வேலை போதவில்லை, அவருடைய தம்பியான சித்தப்பாவுக்கு எங்கிருந்து வரும்? கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத் வந்துவிட்டது. பக்கத்து ஊர் வரைக்கும் கேபிள் டிவி வந்துவிட்டது. வேலைதான் வரவில்லை. ஆகவே ஆட்கள் வேலையைத் தேடிப் போனார்கள். திருப்பூருக்குக் குடும்பம் குடும்பமாக, வெளிநாட்டுக்கு ஆள் ஆளாக.

சித்தப்பாவுக்குக் குவைத்தில் ஒரு மளிகைக் கடையில் வேலை அமைந்தது. ஏற்பாடு செய்தவர் திருக்காட்டுப்பள்ளியில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய். சொந்த ஊர் கூத்தாநல்லூர். குவைத்தில் இருந்தது அவர் மச்சானின் கடை. சித்தப்பா இரண்டு தீபாவளிக்கு அவர் கடையில் துணி மடித்துப் போட்டிருக்கிறார். கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம் என்று பாய் கண்டிருந்தார். மளிகைக் கடைக்கு வாய் நீளமாக இருப்பது நல்லதுதான் என்றும் சொன்னாராம். கிளம்பும் நாளும் குறித்தாகிவிட்டது. காலை பதினோரு மணிக்குப் பாய் கடை வாசலிலிருந்து வேன். அன்று இரவே சென்னையிலிருந்து விமானம். எங்கள் ஊரிலிருந்து பத்தேகால் பஸ்ஸைப் பிடித்தால் சரியாக இருக்கும். அதை விட்டால் அடுத்த பஸ் ஒரு மணிக்கு. சைக்கிளைக் குறுவை போன மாதமே அப்பா விற்றிருந்தார்.

அந்த நாளில்தான் கிரகணமும் வந்தது.

எட்டு மணிக்குப் பிடித்துப் பத்து மணிக்கு விடும் என்று நாள்காட்டியில் போட்டிருந்தது. அப்பா நாள்காட்டியில் ராகுகாலம் பார்ப்பார், நல்ல நேரம் பார்ப்பார், கிரகணத்துக்கு மட்டும் அதை நம்பமாட்டார். “அவன் எங்கயோ சிவகாசியில உக்காந்து அச்சடிக்கிறான். அவனுக்கு நம்ம வீட்டுக் கெரகணம் எப்பிடித் தெரியும்?” என்பார். அவருக்கு உலக்கைதான் கணக்கு. தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி நடுவில் உலக்கையை நிறுத்துவது. கிரகணம் பிடித்திருக்கும்வரை யாரும் பிடிக்காமலே அது நிற்கும், விட்டதும் விழுந்துவிடும். விழுந்த பிறகுதான் கதவைத் திறப்பது, குளிப்பது, அடுப்பு மூட்டுவது எல்லாம். அதற்கு முந்தைய கிரகணத்தில் உலக்கை கால் மணி நேரத்திலேயே விழுந்துவிட்டது. அப்பா கதவைத் திறந்து, குளித்து, சாப்பிட்டும் விட்டார். சூரியன் அப்போதும் கடித்த அப்பளம் மாதிரி இருந்ததை அம்மா காட்டினாள். “அது மிச்சம்” என்றார் அப்பா.

இந்த முறை அப்படி விளையாட்டாக இருக்க முடியாது. சித்திக்கு எட்டு மாதம். அதற்கு முன் ஒரு பிள்ளை எட்டாம் மாதத்தில்தான் தங்காமல் போயிருந்தது. அதனால் கிரகணம் முடியும்வரை வீட்டுக் கதவு திறக்கக்கூடாது, சித்தி உள்ளறையை விட்டு வரக்கூடாது, அவள் வாயில் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது, புருஷன்காரனும் வாசல் தாண்டக்கூடாது என்று அப்பா நான்கு சட்டம் போட்டிருந்தார். வயசுக்கு வராத பெண்பிள்ளை கையால் நிறுத்தினால்தான் உலக்கை நிற்கும் என்பது ஐந்தாவது சட்டம். வீட்டில் அப்படி இருந்தது நான் ஒருத்திதான்.

நிற்காமல் போனால் என்ன செய்வது என்று எனக்குக் கவலை. அதனால்தான் முதல் நாள் மாலையில் கொட்டகையில் ஒத்திகை பார்த்தேன். ஆசாரி அந்த மாதம்தான் உலக்கையின் அடியில் புது இரும்புப் பூண் போட்டுக் கொடுத்திருந்தார். தட்டையாக, சமமாக இருந்தது. கல் பாவிய இடத்தில் வைத்து மெல்லக் கையை எடுத்தேன். நின்றது. சுற்றி வந்து பார்த்தேன். நின்றது. வெளியே வெயில் மஞ்சளாக இருந்தது, சூரியன் முழுசாக இருந்தது, மாடு அசை போட்டுக்கொண்டிருந்தது. உலக்கை மட்டும் கிரகணம் வந்துவிட்டதாகச் சொன்னது.

சித்தி கொல்லையில் உட்கார்ந்து சித்தப்பாவின் புதுச்சட்டைக்குப் பொத்தானை இறுக்கித் தைத்துக்கொண்டிருந்தாள்.

“சித்தி, இன்னிக்கே கெரகணம் வந்துருச்சு.”

“என்னடி உளர்றே?”

“உலக்க நின்னுச்சு. கொட்டாயில. நெசமா.”

ஊசி நின்றது. “யாரும் புடிக்காமயா?”

“ஆமா.”

“எவ்வளவு நேரம் நின்னுச்சு?”

“நான் தள்ளுற வரைக்கும்.”

வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். மறுபடியும் நிறுத்திக் காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “ஒங்கப்பா பாத்தா மயக்கம் போட்டுடுவாரு.” பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. தொழுவத்துக் கல்லில் உட்கார்ந்து உலக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்கப்பா மலேசியாவுக்குப் போனப்ப நான் எங்கம்மா வயித்துல” என்றாள். “எனக்குப் பதினோரு வயசு இருக்கும். ஒருத்தர் பெட்டியோட வந்து வாசல்ல நின்னாரு. தண்ணி மொண்டு குடுத்து, ‘அம்மா வயலுக்குப் போயிருக்காங்க, உக்காருங்க’ன்னேன். அந்த மனுசன் அழுதுட்டாரு. எதுக்கு அழுவுறாருன்னே எனக்குத் தெரியல.”

எனக்கும் தெரியவில்லை. ஊருக்கு வந்தவர் சாமான் தொலைத்திருப்பார் என்று நினைத்தேன்.

“நாளைக்கு நல்லா அழுத்தி நிறுத்து பாப்பா. பஸ்ஸு போற வரைக்கும் விழக்கூடாது. யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது.”

“சாமி கண்ணக் குத்தாதா சித்தி?”

“குத்துனா என் கண்ணக் குத்தட்டும். நீ நிறுத்து.”

போகாதீர்கள் என்று அவள் சித்தப்பாவிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே என்று இதைக் கேட்கிறவர்கள் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் அப்படிச் சொல்ல முடியாது. இரண்டு வேளை பொங்குகிற வீட்டில் ஐந்து பேர் சாப்பிடும்போது, ஒருத்தனுக்கு வேலை கிடைத்தால் அது அவனுடைய வேலை மட்டும் இல்லை. பாய் வந்து சேதி சொன்ன அன்று சித்தியும் எல்லோர் முன்னாலும் “போயிட்டு வரட்டும்” என்றுதான் சொன்னாள். சொன்ன வாயை எப்படித் திருப்புவது?

மறுநாள் காலை வானம் முழுக்க மூடியிருந்தது. அடைமழை மாதம். சூரியன் எங்கே இருக்கிறது என்பதே தெரியவில்லை. அதைப் பாம்பு கடித்தால் என்ன, கடிக்காவிட்டால் என்ன. சித்தியை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஜன்னலில் சாக்கை அடைத்தார்கள். சித்தப்பா விடிகாலையே குளித்து, முழுக்கால் சட்டையும் புதுச்சட்டையும் போட்டுப் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கிரகணம் விட்டதும் மறுபடி தலைக்கு ஊற்றிக்கொண்டு ஓட வேண்டியதுதான் பாக்கி.

நான் தாம்பாளத்தில் உலக்கையை வைத்தேன். அழுத்தி, லேசாகத் திருகி, ஒவ்வொரு விரலாக எடுத்தேன். நின்றது. அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

“இது எப்படி நிக்கிது தெரியுமாண்ணே?” என்று சித்தப்பா ஆரம்பித்தார். பத்தாவதில் அவர் கணக்கில் மட்டும்தான் தவறினார், அறிவியலில் தேறியவர் என்ற மரியாதை வீட்டில் அவருக்கு உண்டு. “சூரியன், சந்திரன், பூமி மூணும் ஒரே கோட்டுல வருது. மேலேருந்து அவங்க ரெண்டு பேரு இழுக்குறாங்க. கீழேருந்து பூமி இழுக்குது. உலக்க நடுவுல மாட்டிக்கிட்டு எந்தப் பக்கம் சாயறதுன்னு தெரியாம நிக்கிது.”

“ஒன்ன மாதிரி” என்றாள் அம்மா.

சித்தப்பா சிரித்துக்கொண்டே கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றினார். மாமனார் வீட்டில் கல்யாணத்துக்குப் போட்டது, சாவி கொடுக்கிற கடிகாரம். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“அத ஏண்டா கழட்டுற?” என்று அப்பா கேட்டார்.

“கெரகணத்துல கடியாரம் கட்டக்கூடாதுண்ணே. இந்த இழுப்புல முள்ளு கொழம்பிடும். விட்டப்பறந்தான் பாக்கணும். பேப்பர்ல போட்ருந்தானே.”

அப்பாவுக்கு இது பிடித்துப்போனது. கடிகாரத்தைவிட உலக்கை உசத்தி என்று பேப்பரிலேயே போட்டுவிட்டான். ஆறாவது சட்டமாக அதையும் ஏற்றுக்கொண்டார். வீட்டில் வேறு கடிகாரம் கிடையாது. ரேடியோவைக் கிரகணத்தில் போடக்கூடாது என்பது முன்பே இருந்த சட்டம்.

உட்கார்ந்திருந்தோம். ஓட்டின்மேல் மழை தூறி நின்றது, மறுபடி தூறியது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு கால் மரத்துப்போயிற்று. பிறகு உள்ளறையிலிருந்து சித்தி இருமுகிற சத்தம் கேட்டது. வறட்டு இருமல்.

“தண்ணி கேக்குறாளா?” என்றாள் அம்மா.

“வேண்டாங்க்கா” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “உலக்க விழுந்துருச்சா?”

“இல்லடி.”

“விழட்டும். விழட்டும்.”

அந்த ‘விழட்டும்’ எனக்கு மட்டும்தான் விளங்கியது. இன்னும் விழக்கூடாது என்று அதற்கு அர்த்தம். நான் தாம்பாளத்துக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, யாராவது நடந்தால் தரை அதிராதபடி பார்த்துக்கொண்டேன். சித்தப்பா எனக்கு நேர் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கையைச் சட்டைப்பைமேல் வைத்திருந்தார்.

பிறகு வாய்க்கால் மதகுப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது.

எங்கள் ஊர் பஸ் மதகில் இரண்டு முறை ஹாரன் அடிக்கும், ஊருக்குள் போய்த் திரும்பும், திரும்பும்போது ஒரு முறை அடிக்கும். இரண்டுக்கும் நடுவே பத்து நிமிடம். வீட்டிலிருந்து மதகுக்கு ஓடினால் இரண்டே நிமிடம்.

“கெரகணத்துலயே வண்டிய எடுத்துட்டான் பாரு” என்றார் அப்பா. “கவர்மென்ட்டு பஸ்ஸுக்கு ஏது கெரகணம்.”

சித்தப்பா எழுந்தார். பையின் காதைப் பிடித்தார். எல்லோரும் உலக்கையைப் பார்த்தோம். அதற்கென்ன, அது மஞ்சள் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு நின்றது.

“அண்ணே, நான் வேணா...”

“உள்ள புள்ளத்தாச்சி இருக்கா. கதவத் தொறந்து மறுபடி ஒண்ணு ஆச்சுன்னா நீ அங்க போயி சம்பாரிச்சு யாருக்குடா அனுப்புவ?”

சித்தப்பா நின்றார். ஒரு விரலால் தொட்டால் போதும். தொட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன், ஏனென்றால் அவர் முகம் அப்படி இருந்தது. உள்ளே சித்தி இருமலை அடக்குவது கேட்டது. நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். சித்தப்பா பையை விட்டுவிட்டு மெல்ல உட்கார்ந்தார்.

மதகில் ஒரு ஹாரன் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

அம்மாதான் முதலில் எழுந்தாள். “புள்ளத்தாச்சி நாக்கு வறண்டு கெடக்கா. கெரகணமாவது மண்ணாவது” என்று சொல்லிக்கொண்டே வந்து உலக்கையைக் கையால் ஒரு தள்ளு தள்ளினாள். அது சுவரில் முட்டி, தரையில் விழுந்து, கொட்டகைப் பக்கமாக உருண்டது. அம்மா சொம்போடு உள்ளறைக்குப் போனாள். சித்தி குடிக்கிற சத்தம் கூடத்துக்குக் கேட்டது; அந்த மடக் மடக்கை நான் இன்றுவரை எந்தத் தண்ணீரிலும் கேட்டதில்லை. சித்தப்பா கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, “பத்தே முக்கால்” என்றார். பஸ் போய்விட்டது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

மறுநாள் அப்பா சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு பாய் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். பாய் வழியனுப்பிவிட்டு வந்த களைப்போடு கல்லாவில் உட்கார்ந்திருந்தார். அப்பா உலக்கை விழாத கதையைச் சொன்னார். பாய் முழுசாகக் கேட்டார்.

“நாங்களும் கெரகணத் தொழுகை தொழுதோம் அண்ணே. தொழுது, பசியாறி, சாமான் ஏத்தி, வேனையும் பதினொன்னரை வரைக்கும் நிறுத்தி வச்சேன். ஊருக்கெல்லாம் கெரகணம் விட்டுருச்சு, உங்க வீட்டுக்கு மட்டும் தனி வானமா?” பிறகு சித்தப்பாவைப் பார்த்தார். “என்ன தம்பி, உலக்கைய மேலேருந்து யாரு புடிச்சிருந்தா?”

சித்தப்பா சிரித்து மழுப்பினார். நான் அப்பாவின் வேட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

அந்த இடத்துக்கு அந்த மாதமே வேறு ஆள் போய்விட்டான். பாய் கோபிக்கவில்லை. “அல்லா நாடுனா இன்னொன்னு வரும்” என்றார். அப்பா வீட்டுக்கு வந்து உலக்கையைக் கோடாலியால் பிளக்கப் போனார். நெல் குத்த வேறு எது இருக்கிறது என்று அம்மா பிடுங்கி வைத்தாள். ஊரில் கொஞ்ச நாள் எங்களை உலக்கை வீட்டுக்காரர்கள் என்றார்கள். சம்பா கதிர் வாங்கும்போது மழை சாய்த்துவிட்டது. ஒரு வேளை சோறும் ஒரு வேளை கஞ்சியுமாக இருந்தோம். அது பெரிய விஷயம் இல்லை, எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

இருபது நாள் கழித்துச் சித்திக்குப் பெண் பிறந்தது. சித்தப்பா அந்தப் பிள்ளையைக் கீழே விடவில்லை. துண்டில் கட்டி மார்பில் போட்டுக்கொண்டு வரப்பில் நடப்பார். ஆம்பிள்ளை இப்படியா என்று ஊரே சிரித்தது. ஐந்து மாதம் நடந்தார். பிறகு பாய் சொன்ன இன்னொரு விசா வந்தது. மளிகைக் கடை இல்லை. சவுதியில், பாலைவனத்தில் குழாய் பதிக்கிற வேலை. அந்த முறை கிரகணம் ஏதும் வரவில்லை, போய்விட்டார்.

இரண்டரை வருடம் கழித்து வந்தார். கறுத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். பிள்ளை அவரைப் பார்த்து என் பின்னால் ஒளிந்துகொண்டது. “ஒங்கப்பாடி, அப்பா” என்று அம்மா எவ்வளவோ சொல்லிக் கொடுத்தாள். அது என் பாவாடையை விடவில்லை. சித்தி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறேன் என்று கொட்டகைக்குப் போனவள் வெகு நேரம் வரவில்லை. மாட்டை நாங்கள் அதற்கு முன்பே விற்றுவிட்டோம்.

அந்த இடுப்பு எனக்கு வெகு காலம் பாரமாக இருந்தது. நிழலில் உட்கார்ந்து பருப்பு நிறுத்துப் போட்டிருக்க வேண்டியவர், நான் உலக்கையை அழுத்தி நிறுத்தியதால் வெயிலில் குழாய் தூக்கினார். அப்போது இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. சித்தியும் நானும் அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. சித்தி மீன் குழம்பு வைத்தால் நடுத்துண்டு அவருக்குத்தான் போகும், அவர் ஊரில் இல்லாத நாளில்கூட அந்தத் துண்டைக் கடைசிவரை சட்டியிலேயே வைத்திருப்பாள்.

எட்டாம் வகுப்போடு நானும் கிளம்பினேன். திருப்பூரில் பனியன் கம்பெனி. பிறகு கேரளத்தில் கட்டட வேலை. அங்கே ஒரு கொத்தனார் சுவர் எழுப்பும்போது தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்ப்பார். அந்தக் கயிறு ஆடி அடங்கி நேராக நிற்பதைப் பார்த்துக்கொண்டே கல் சுமப்பேன். எந்த மாடியில் விட்டாலும் அது பூமியின் நடுவைத்தான் காட்டும் என்றார் அவர். உலக்கையின் பாரம் அந்தக் கயிறுபோல அதன் பூணுக்குள்ளேயே விழுந்தால் அது நிற்கும், பூணுக்கு வெளியே விழுந்தால் சாயும். அவ்வளவுதான் சங்கதி. சூரியனுக்கும் சந்திரனுக்கும் அதில் ஒரு வேலையும் இல்லை.

பிறகு சிங்கப்பூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் வீட்டு வேலை. நான் பார்த்துக்கொண்ட பையனின் புத்தகத்தில் சூரியன் எப்படி உண்டானது என்று படம் போட்டிருந்தது. அவன் தூங்கும்போது எழுத்துக்கூட்டிப் படித்தேன். முதலில் தூசிதான் இருந்ததாம். தூசிக்குத் தூசி இழுத்து, சுருங்கி, சுழன்று, நடுவில் திரண்டது சூரியன். சேராமல் சுற்றிக்கொண்டே நின்ற மிச்சம் மீதிதான் பூமியும் மற்றவையும். எனக்கு அது புதிதாகப் படவில்லை. எங்கள் மதகுக்குக் கீழே சுழலில் பதரும் சருகும் அப்படித்தான் வட்டம் போடும், நடுவில் கொஞ்சம் திரளும், ஓரத்தில் கொஞ்சம் திரளும். இன்னொரு பக்கத்தில் சந்திரன். அது பூமியை நோக்கி விழுந்துகொண்டேதான் இருக்கிறதாம். பக்கவாட்டில் ஓடுகிற வேகத்தால் ஒவ்வொரு முறையும் பூமிமேல் விழாமல் தப்பிவிடுகிறது. அதனால்தான் சுற்றுகிறது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் துணி மடித்தேன். சித்தப்பாவும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வந்து வந்து போய்க்கொண்டிருந்தார். நானும் அப்படித்தான்.

சிங்கப்பூர் முடிந்து மறுபடி திருப்பூருக்கே வந்தேன். ஒரு நாள் பகலில் கிரகணம். கம்பெனியில் மெஷினை நிறுத்தவில்லை, ஆனால் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போட்டார்கள். பெண்கள் எல்லோரும் துணிக்கட்டின்மேல் உட்கார்ந்து அவரவர் ஊர் வழக்கத்தைச் சொன்னோம். தருமபுரிக்காரி காய் நறுக்கக் கூடாது என்றாள். விருதுநகர்க்காரி தண்ணீர்ப் பானையில் தர்ப்பை போடுவோம் என்றாள். உலக்கையை எல்லோருக்குமே தெரிந்திருந்தது. நான் என் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டேன். எப்போதும் அப்படித்தான் செய்வேன்.

“வாட்ச்ச ஏன்க்கா கழட்டுறீங்க?”

“கெரகணத்துல கட்டக்கூடாதுல்ல. முள்ளு கொழம்பிடும்.”

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். “இது எந்த ஊரு வழக்கம்? நாங்க கேட்டதே இல்லையே.”

“தஞ்சாவூர்ப் பக்கம்” என்றேன். எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி, பாபநாசத்துக்காரி, அங்கே இருந்தாள். “எங்கூர்ல இல்லப்பா” என்றாள். “ஒனக்கு யாரு சொன்னா?”

“எங்க சித்தப்பா.”

“அவருக்கு அன்னிக்கி மணி பாக்க இஷ்டமில்லபோல” என்று தருமபுரிக்காரி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு துணிக்கட்டிலிருந்து இறங்கி வெளியே வந்து நின்றேன்.

அன்று சாயங்காலம் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் வெளிநாட்டை முடித்துக்கொண்டு வந்து சில வருடம் ஆகியிருந்தது. சாப்பாடு, இடுப்பு வலி, வாய்க்காலில் தண்ணீர் எல்லாம் பேசிவிட்டுக் கேட்டேன்.

“சித்தப்பா, கெரகணத்துல கடியாரம் கட்டக்கூடாதுன்னு எந்தப் பேப்பர்ல போட்ருந்துச்சு?”

டி.வி.யின் ஒலி குறைந்தது. எழுந்து வாசலுக்கு வந்திருப்பார் போலிருந்தது.

“ஒஞ் சித்திகிட்ட கேட்டியா?”

“இல்ல.”

“கேக்காத” என்றார். “அவ நிறுத்துனதாவே இருக்கட்டும்.”

போனை வைத்துவிட்டார். சித்தப்பாவை நிறுத்தியது நான் என்று இத்தனை வருடம் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சித்தி, நிறுத்தியது தான்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அன்று காலை அவர் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். பஸ் வந்தபோதும், போனபோதும், அந்தக் கை சட்டைப்பைமேலேயே இருந்தது. கிரகணத்தில் பெரியவர்களுக்கும் நெஞ்சு படபடக்கும்போலிருக்கிறது, அதைத்தான் அமுக்கிப் பிடித்திருக்கிறார் என்று நான் நினைத்தேன். அது சாவி கொடுக்கிற கடிகாரம். கையை எடுத்திருந்தால் அதன் சத்தம் நன்றாகக் கேட்டிருக்கும்.